மறு: டிஎம்எஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? ‘தூண்டல்’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

டிஎம்எஸ்ஸுக்கு (transcranial magnetic stimulation, அதாவது தலைமேல கம்பிச்சுருளை வச்சு காந்தத் துடிப்பை மூளைக்கு அனுப்பற முறை) நீங்க சொன்ன ‘ஊடுருவாக் காந்த மூளைத் தூண்டல்’ படிக்க நல்லா இருக்கு, ஆனா இந்தச் சுருளை வச்சுத்தான் பிஎச்டி பண்றேங்கறதால ரெண்டு இடத்துல எனக்கு இடிக்குது.

மொதல்ல ‘ஊடுருவா’. காந்தப்புலம் மண்டையோட்டை ஊடுருவித்தானே உள்ள போகுது, இதோட சிறப்பே அதான். 1980-ல தலைமேல நேரா கரண்ட் குடுத்துப் பாத்தாங்க, எலும்பு தடுக்குதுன்னு வோல்டேஜைக் கூட்டவேண்டி வந்து ஒரே வலி. 1985-ல ஷெஃபீல்ட்ல ஆந்தனி பார்க்கர் குழு காந்தத்தால செஞ்சப்பதான் அந்த வலி போச்சு. கத்தி படலைங்கறதுதான் விஷயம்னா ‘கீறா’ன்னு வைக்கலாமே.

அடுத்தது தூண்டல், இதுதான் பெரிய சிக்கல். ஸ்கூல் பிசிக்ஸ்ல மின்காந்தத் தூண்டல்னா ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்சது. சுருள்ல சில ஆயிரம் ஆம்பியர் கரண்ட் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்குப் பாயுது, 1.5, 2 டெஸ்லா அளவுக்குப் புலம் எழும்பி அடங்குது, அது மூளைக்குள்ள மின்புலத்தைத் தூண்டுது, அந்த மின்புலம் போய் நரம்பணுவைத் தூண்டுது. ரெண்டுக்கும் தூண்டல்னே எழுதினா எது சுருளோட வேலை, எது நரம்போட வேலைன்னு பிரிக்கவே முடியல, நான் ஒரு பக்கம் எழுதிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

தூண்டலுக்குப் பதிலா அக்கா சொன்ன ‘கிளர்த்தல்’ எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கையை அசைக்கிற பகுதிக்கு மேல சுருளை வச்சு ஒரு துடிப்பு விட்டா ‘டக்’குனு சத்தம், எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானா துள்ளும், அதைப் பாத்தா யாருக்கும் கிளர்த்தல்னுதான் வாயில வரும். ஆனா நொடிக்கு ஒன்னுன்னு நிதானமா தொடர்ந்து குடுத்தா அந்த இடம் பெரும்பாலும் அடங்கித்தான் போகும், 5, 10னு வேகமா குடுத்தாதான் கிளரும். அடக்கறதையும் கிளர்த்தல்னு எப்படிங்க சொல்றது?

அதனால ‘காந்தத் துடிப்பூட்டல்’னு வச்சா என்ன? சுருள் குடுக்கறது துடிப்பு மட்டும்தான், மூளை கிளருதா அடங்குதாங்கறது அதுக்கப்புறம் நடக்கறது. ஒற்றைத் துடிப்பு, இணைத் துடிப்பு, தொடர் துடிப்புன்னு வகைகளுக்கும் சொல் கையிலயே இருக்கு. இதயத்துக்கான வைத்தியம்னு யாராவது நினைச்சுடுவாங்கன்னா முன்னாடி ‘மூளை’ சேத்துக்கலாம், மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சை எடுக்கறவங்க கையெழுத்துப் போடற ஒப்புதல் படிவத்துல அது கட்டாயம் வேணும்.

transcranial-ல வர்ற ‘cranial’லுக்குக் கபாலமா மண்டையோடாங்கறது இன்னும் பாக்கி, எனக்கு மண்டையோடுதான் சரின்னு படுது. அக்கா, உங்களுக்கு?