அப்டேட்: பாக்கெட் லாஸ் தீர்ந்துச்சு, குத்தவாளி வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கான்

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, ஆன்லைன் கேம்ல பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற நேரம்) 30 மில்லிசெகண்ட்லதான் நிக்குது ஆனா கேரக்டர் ஓடுறப்ப நாலடி பின்னாடி இழுத்து விடுது, சுட்டதுல பாதி கணக்குலயே வரலன்னு, அதோட அப்டேட். பாக்கெட் லாஸ்னா நெட்ல போற டேட்டா துண்டுங்க வழியில தொலையுறது.

முதல்ல ட்ரேஸ்ரூட் (டேட்டா எந்தெந்த ரவுட்டர் வழியா போகுதுன்னு காட்டுற டூல்) போட்டேன், நடுவுல ஒரு ஹாப்ல, அதாவது வழியில இருக்குற ஒரு ரவுட்டர்ல, 40% லாஸ், உடனே நெட் கம்பெனிக்காரங்ககிட்ட சண்டைக்கே போயிட்டேன். அப்புறம்தான் இங்க ஒருத்தர் சொன்னாரு, அதுக்கு அடுத்த ஹாப் எல்லாம் 0% காட்டுச்சுன்னா அது லாஸே இல்ல, அந்த ரவுட்டர் பிங் டெஸ்ட் மெசேஜுக்கு பதில் சொல்றத குறைச்சு வச்சிருக்கும் அவ்ளோதான்னு. அசிங்கமாப் போச்சு.

சரின்னு வீட்டு ரவுட்டருக்கே 500 பிங் விட்டேன், 11 திரும்பி வரல! வெளிய போறதுக்கு முன்னாடியே தொலையுது. நான் வைஃபைல ஆடல, கேபிள்தான், அதனால அந்தப் பக்கம் சந்தேகமே வரல. இழுத்துப் பாத்தா மேஜைக் காலுக்கு அடியில நசுங்கி, கிளிப்பும் உடைஞ்சு லொடலொடன்னு ஆடுது. மாத்தினேன், 500க்கு 500.

டவுன்லோடு மட்டும் எப்படி நல்லா ஓடுச்சுன்னு கேட்டவங்களுக்கு: அது டிசிபிங்கற முறையில போகுது, தொலைஞ்சத திரும்பக் கேட்டு வாங்கிக்கும், கேம் பெரும்பாலும் யுடிபிங்கற முறை, அது திரும்பக் கேக்காது, போனது போனதுதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி, வீட்ல யாராவது பெரிய ஃபைல் அப்லோடு பண்ணா மறுபடி லேசா இழுக்குது, ரவுட்டர்ல க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமைன்னு சொல்ற செட்டிங்) போட்டுப் பாத்துட்டு சொல்றேன்.