வங்கி கடன் கொடுப்பது நம் டெபாசிட்டிலிருந்தா?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் முதலாண்டு. 100 ரூபாய் டெபாசிட்டில் 10 ஒதுக்கி 90 கடன், அது திரும்ப டெபாசிட்டாகி கடைசியில் மொத்த டெபாசிட் 1000 ஆகும் என்கிறது பாடம். சீனியர் அண்ணன் ‘அதெல்லாம் கதை’ங்கிறார். எது சரி?

பதில் 1: 31 வருஷம் வங்கிக் கடன் பிரிவில் இருந்தவன் நான், தம்பி. லோன் சாங்ஷன் பண்ணும்போது இன்னைக்கு எவ்வளவு டெபாசிட் வந்ததுன்னு கேஷியரை ஒருநாளும் கேட்டதில்லை. (மேலிடத்து டெபாசிட் டார்கெட் தனி ரோதனை.) சம்பளச் சீட்டு, பத்திரம், வில்லங்கச் சான்று பார்ப்போம். அப்புறம் ஒரே என்ட்ரி: கடன் வாங்குறவரோட கடன் கணக்கில் பற்று, அவரோட சேமிப்புக் கணக்கில் வரவு. அந்த வரவுதான் புது டெபாசிட். கால்டோர், பேசில் மூர் போன்ற பின்-கெயின்சியர்கள் (கெயின்ஸ் வழிவந்த பொருளாதார அறிஞர்கள்) 1980களிலேயே வாதாடியது இதைத்தான். பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் 2014 காலாண்டிதழில் ஒத்துக்கொண்டது.

கேட்டவர்: அப்போ சி.ஆர்.ஆர். (டெபாசிட்டில் இத்தனை சதவீதத்தை ரிசர்வ் வங்கியில் ரிசர்வாக வைக்கணும்ங்கிற விகிதம்) எதுக்கு சார்?

பதில் 1: கடன் முதலில், ரிசர்வ் பின்னால். ரிசர்வ் குறைந்தால் மற்ற வங்கிகளிடமோ ரிசர்வ் வங்கியிடமோ கடனாக வாங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் அந்த விகிதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். உங்க பாடத்து வாய்பாடு, முதல் டெபாசிட்டை ‘1 ÷ ரிசர்வ் விகிதம்’ ஆல் பெருக்குவதுதானே? அதில் 1ஐ பூஜ்யத்தால் வகுத்துப் பாருங்க!

பதில் 2: அதுக்காக இஷ்டத்துக்குக் கடன் தரமுடியாது. மூலதன விதி (கடனுக்கு ஏத்தபடி வங்கி சொந்த முதலும் வெச்சிருக்கணும்), வாராக்கடன் பயம் இருக்கு. பரீட்சையில் மட்டும் பழைய பாடத்தையே எழுதிடுப்பா.