புது வலைப்பூவில் விளம்பரம் போடுவது எப்போது?

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்):
எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். எங்கள் காட்டுப் பழங்களைப் பற்றித்தான்: பாலைப்பழம், வீரைப்பழம், உலுவிந்தம்பழம். பாலைப்பழம் தின்றால் உதட்டில் ஒட்டும் பாலுக்கு என்ன செய்வது, பழத்தை எப்படிக் காயவைப்பது, அம்மம்மா பழத்தில் பாணி (பாகு) காய்ச்சிய விதம் என்று இதுவரை 19 பதிவுகள். நாளுக்கு 40 பேர் அளவில் வருகிறார்கள். பெரும்பாலானோர் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொட்டு வருகிறவர்கள்.

"இப்பவே அட்சென்ஸ் (கூகுளின் விளம்பரச் சேவை) போடு, ஏன் சும்மா எழுதுறாய்?" என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு மனம் வரவில்லை. முத்தையன்கட்டில் இருக்கும் என் சின்னம்மா பழைய போனில், சின்னக் கார்ட் போட்டு டேட்டா எடுத்து வாசிக்கிறார். இரண்டு படம் கூடினாலே அவருக்குத் திறக்காது. அவருடைய டேட்டாவில் விளம்பரத்தை ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காகக் காசு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. படம் எடுக்கப் போய்வர ஒவ்வொரு முறையும் பெற்றோல் அடிக்க வேண்டியிருக்கிறது. எப்போது தொடங்கலாம்?

வவுனியா வாசகன்:
தங்கச்சி, நான் அவசரப்பட்ட கதையைச் சொல்கிறேன். 8 பதிவு எழுதிய கையோடு விண்ணப்பித்தேன். உள்ளடக்கம் போதாது என்று திரும்பி வந்தது. தமிழில் எழுதுவதால்தான் என்று அப்போது நினைத்தேன். அது பிழை. 2018இலேயே தமிழும் அட்சென்ஸ் ஏற்கும் மொழிகளில் சேர்ந்துவிட்டது. என் எட்டில் ஐந்து, பத்து வரியைத் தாண்டாத பதிவுகள். காரணம் அதுதான்.

நாளுக்கு எத்தனை பேர் என்று பார்க்காதீர்கள். நீங்கள் இணைப்பு அனுப்பாத வாரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். கூகுளில் "பாலைப்பழம்" என்று தேடி வருகிறவர்தான் கணக்கு. கனடாவிலும் லண்டனிலும் ஊர்ப்பழத்தை நினைத்துத் தேடுகிறவர்கள் வரத் தொடங்கினால் இன்னும் நல்லது. அங்கே காட்டப்படும் விளம்பரத்துக்குப் பொதுவாக இங்கத்தையதைவிடக் கூடக் காசு கிடைக்கும்.

100 டொலர் சேரும்வரை ஒன்றும் கைக்கு வராது. அதற்கு முன், 10 டொலர் ஆனதும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு இரகசிய இலக்கத்தை (PIN) தபாலில் அனுப்புவார்கள். நாலு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில் வீட்டு இலக்கம் கிடையாது. நான் ஏதோ ஒரு முகவரியை எழுதிவிட்டேன், முதல் கடிதம் வந்து சேரவேயில்லை. அப்புறம் எங்கள் தபால்காரரிடமே கேட்டு, கோயிலடி, பக்கத்துக் கடை எல்லாம் சேர்த்துத் திருத்தினேன். இரண்டாவது கடிதம் வந்தது. இதை விண்ணப்பிக்க முன்னரே செய்துவிடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து:
ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். விளம்பரம் போட்டதைச் சொந்தக்காரர் குழுவில் சொல்லாதீர்கள். எனக்கு உதவி என்று நினைத்து, வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மார் ஒரு நாள் முழுக்க விளம்பரத்தை அமத்தியிருக்கிறார்கள் (கிளிக் செய்திருக்கிறார்கள்). கணக்கு மூடப்பட்டது, சேர்ந்திருந்த காசும் போயிற்று. நீங்களே அமத்தினாலும் அதே கதிதான்.

சின்னம்மாவுக்கும் வழி இருக்கிறது. தானாக ஏறும் விளம்பரங்களில், திரை முழுவதையும் மறைப்பதையும் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதையும் நிறுத்திவைக்கலாம். பதிவு முடிகிற இடத்தில் ஒன்று போதும்.

பாலைநிழல்:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன், கடந்த 30 நாளில் தேடி வந்தவர்கள் 61 பேர்தான். அதிலும் பாதிக்கு மேல் வீரைப்பழப் பதிவு ஒன்றுக்கே. பாலை பழுக்கும் காலம் இனித்தான் வருகிறது. அதற்குள் ஐந்தாறு பதிவை நன்றாக எழுதி வைக்கிறேன். பழம் முடிந்த பிறகும் நாளுக்கு 50 பேராவது தேடி வந்தால் விண்ணப்பிப்பேன். தம்பியிடம் சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

தபால்காரரை நாளைக்கே கேட்கிறேன். விளம்பரம் ஏறிய அன்றைக்கு முதலில் சின்னம்மாவின் போனில்தான் திறந்து பார்ப்பேன். அதில் பதிவு திறக்காவிட்டால் விளம்பரத்தை எடுத்துவிடுவேன்.