அலாய் வீலை மெஷின் இல்லாமல் கையாலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
கார் வீல்களில் கிளியர் கோட் (பெயின்ட் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) ஆங்காங்கே உரிந்து, அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விளிம்பிலும் கல்லில் உரசிய கீறல்கள். எந்த நம்பர் உப்புத்தாளில் தொடங்குவது?

பதில் 1:
தாராளமாக முடியும், பொறுமைதான் வேண்டும். முதலில் பெயின்ட் ரிமூவர் போட்டு பழைய கோட்டை முழுசாக எடுத்துவிடுங்கள். ஆழமான கீறலுக்கு மட்டும் 120, அப்புறம் எல்லா இடத்துக்கும் 240, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று போங்கள், 400க்கு மேல் தண்ணீர் தொட்டே தேய்க்கலாம். முந்தைய தாளின் கோடு முழுக்க மறையாமல் அடுத்த நம்பருக்குப் போகவே கூடாது, போனால் பாலிஷ் போட்டதும் அத்தனை கோடும் பளிச்சென்று தெரியும்.

பதில் 2:
அதற்கு முன் ஒன்று பாருங்கள். முகப்பில் மெல்லிய வட்டக் கோடுகள் இருந்தால் அது லேத்தில் கடைந்த டைமண்ட் கட் வீல், கையால் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும். விரிசல் இருந்தால் வீலையே மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கோடும் இல்லை, விரிசலும் இல்லை. சாதா சில்வர் பெயின்ட்தான்.

பதில் 1:
அப்படியென்றால் 2000 வரை போகவே வேண்டாம்! 400லேயே நிறுத்தி எட்ச் பிரைமர் (உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும் அடிப்பூச்சு), சில்வர், கிளியர் அடியுங்கள், ரொம்ப வழவழப்பாக இருந்தால் பிரைமர் சரியாகப் பிடிக்காது. நட் உட்காரும் இடத்திலும் ஹப்பில் (காரில் வீலை மாட்டும் பகுதி) படியும் பின்பக்கத்திலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள், அங்கே பெயின்ட் இருந்தால் நட் பிறகு தளர்ந்துவிடும்.