சார்லஸ் பிரவுனை ஏன் மறந்துபோனார்கள்?

காரைக்குடி வளவு:
அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸின் ஆரம்பகாலப் பாட்டுகளைத் தேடிப்போய், சார்லஸ் பிரவுன் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரிடம் வந்து சேர்ந்தேன். ராத்திரி வளவில் படுத்துக்கொண்டு போனில் மெல்ல வைத்துக் கேட்டேன், பக்கத்தில் படுத்திருந்த ஆயா "யாருப்பா இது, இப்படி ஆற அமரப் பாடுறது?" என்று கேட்டார்கள். 1949இல் 'ட்ரபிள் ப்ளூஸ்' ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பர் இசை) விற்பனைப் பட்டியலில் 15 வாரம் முதலிடம், 1951இல் 'பிளாக் நைட்' 14 வாரம். அப்படிப்பட்டவர் பெயர் ஏன் மங்கியது? வேதியியல் வாத்தியார் என்கிறார்களே, நிஜமா?

தேவகோட்டை ரசிகை:
நிஜம்தான். 1922இல் டெக்சஸ் சிட்டியில் பிறந்தார், வளர்ந்தது பாட்டி வீட்டில், பியானோ கற்றதும் அங்கேதான். 1942இல் வேதியியல் பட்டம், கொஞ்ச நாள் வாத்தியார் வேலை, அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே கிதார்காரர் ஜானி மூரின் குழுவில் சேர்ந்தார். பியானோ, கிதார், பேஸ் மூன்றுதான், டிரம்ஸ் கிடையாது. குரலை உயர்த்தாமலே பாட முடிந்தது அதனால்தான் என்பேன். 1945இல் பதிவுசெய்த 'டிரிஃப்டிங் ப்ளூஸ்' பெரிய வெற்றி, ஆனால் இசைத்தட்டில் பெரிதாக இருந்தது 'ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ்' என்ற பெயர். 1948இல் பிரவுன் அந்தக் குழுவிலிருந்து பிரிந்து வந்துவிட்டார்.

கண்டனூர் பேரேடு:
இன்னொன்றும் சொல்லணும். பிரவுன் பாடி 1947இல் வந்த 'மெரி கிறிஸ்துமஸ் பேபி' பாட்டை இயற்றியவர்களாகப் பதிவானது லூ பாக்ஸ்டரும் ஜானி மூரும். தான்தான் இயற்றியதாக பிரவுன் சொல்லிவந்தார். கொண்டுவிற்ற, அதாவது வட்டித்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது உடனே உறைக்கும், பேரேட்டில் யார் பெயரோ அவருக்குத்தான் வரவு. வருஷாவருஷம் டிசம்பரில் ஒலிக்கிற பாட்டு, நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 50களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்ததும் இளவட்டங்கள் ஆடுவதற்குப் பாட்டு கேட்டார்கள், நடுராத்திரிக்கான இந்தக் குரலுக்கு இடம் குறைந்துவிட்டது. 1960இல் இன்னொரு கிறிஸ்துமஸ் பாட்டு ஓடியது, அதோடு சரி, பிறகு நெடுநாள் சின்னச் சின்ன இடங்களில்தான் வாசித்தார்.

தேவகோட்டை ரசிகை:
ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990 வாக்கில் அமெரிக்கப் பாடகி பானி ரைட் தன் கச்சேரிப் பயணத்தில் அவரைக் கூட்டிப்போனார். எழுபதை நெருங்குகிற வயதில் புது ரசிகர்கள். 1997இல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருது. 1999 ஜனவரியில் காலமானார், இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது அதற்கப்புறம், மார்ச்சில். அந்த இரண்டு மாதம் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

காரைக்குடி வளவு:
இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்கு ஆயாவுக்கு 'டிரிஃப்டிங் ப்ளூஸ்' போடப்போகிறேன், யார் பாடியது என்று பெயரையும் சொல்லி.