சென்னை–கோவை ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷன்: 24 டிபி, 100 எம்பிபிஎஸ் லைன் தாங்குமா?

இரவுப்பணி:
வணக்கம். மெயின் சர்வர் அறை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அந்தப் பேட்டையை மூழ்கடித்ததிலிருந்து, இன்னொரு ஊரில் நகல் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கோவைக் கிளையில் இரண்டாவது ஸ்டோரேஜ் வைத்து, சென்னைத் தரவை அதற்குத் தொடர்ந்து நகலெடுக்கப் (ரெப்ளிகேஷன்) போகிறோம். இரு பக்கமும் லினக்ஸ், கோப்புகளைச் சேமிக்க இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். மொத்தம் 24 டிபி: டிசைன் கோப்புகள், கூடவே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒரு நாள் மாற்றம் சுமார் 180 ஜிபி. அதில் 120 ஜிபி காலை 10 முதல் 1 மணிக்குள் வந்துவிடும். லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்), பிங் (போய்வரும் நேரம்) 12 மில்லிசெகண்ட். ஒரு பைட்கூடப் போகக்கூடாது என்கிறது நிர்வாகம். அதனால் விற்பனையாளர் சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் கேட்கச் சொல்கிறார். இந்தத் தூரத்தில் நடக்குமா? முதல் நகலை எப்படிக் கொண்டுபோவது?

நீலவட்டு:
சிங்க்ரனஸ் வேண்டாம். கோவையிலிருந்து "எழுதிவிட்டேன்" என்று பதில் வரும்வரை சென்னையில் அப்ளிகேஷன் காத்திருக்கும். அதுதான் சிங்க்ரனஸின் பொருள். ஃபைபரில் ஒளி 1 கி.மீ. கடக்க சுமார் 5 மைக்ரோசெகண்ட். 500 கி.மீ. போய்வர 5 மில்லிசெகண்ட். கேபிள் சுற்றிப் போகும் வழியும் நடுவிலுள்ள கருவிகளும் சேர்ந்து உங்கள் 12 ஆகியிருக்கிறது. எஸ்எஸ்டியில் அரை மில்லிசெகண்டில் முடிகிற கமிட் (டேட்டாபேஸ் ஒரு பதிவை உறுதிசெய்து எழுதுவது) ஒவ்வொன்றும் 12 எடுக்கும். ஒரே செஷனில் வினாடிக்கு 2,000 கமிட் போன இடத்தில் 80 போகும். சில ஸ்டோரேஜ்கள் ஒரு எழுத்துக்கு இரண்டு முறை போய்வரும். அப்போது 40.

பங்குச்சந்தைகளுக்கு செபி வைத்திருக்கும் அமைப்பைப் பாருங்கள். பேரிடர் தளம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்கவேண்டும். முடியாவிட்டால் குறைந்தது 500 கி.மீ. தள்ளி. தரவு இழப்பே கூடாது என்பதற்காக அருகிலேயே இன்னொரு தளம். தூரத்துத் தளம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் வாங்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. நிர்வாகத்திடம் "எத்தனை நிமிடத் தரவு போனால் கையால் திரும்ப ஏற்ற முடியும்?" என்று கேளுங்கள். 15 நிமிடம் என்றால் அசிங்க்ரனஸ் (பதிலுக்குக் காத்திராமல் பின்னாலேயே அனுப்புவது) போதும்.

லைன் கணக்கு: 100 எம்பிபிஎஸ்ஸில் 80 கைக்கு வரும் என்று வையுங்கள். 8 பிட் ஒரு பைட், ஆக மணிக்கு 36 ஜிபி. 180 ஜிபிக்கு 5 மணி நேரம்தானே என்று சராசரி பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலை மூன்று மணி நேரத்தில் 120 ஜிபி சேர்கிறது, 108 போகிறது. 1 மணிக்கு 12 ஜிபி பாக்கி, அதாவது 20 நிமிடம் பின்னால். அதே லைனில் அலுவலக டிராஃபிக்கும் போய், ரெப்ளிகேஷனுக்கு 60 விழுக்காடுதான் கிடைத்தால் பாக்கி 55 ஜிபி. கரைய இரண்டரை மணி நேரம். 200 எம்பிபிஎஸ் கேளுங்கள், அல்லது ரெப்ளிகேஷனுக்குத் தனி லைன் போடுங்கள்.

24 டிபியை லைனில் அனுப்பினால் 28 நாள். கோவைக்கான பெட்டியைச் சென்னையிலேயே 10 ஜிபிபிஎஸ் சுவிட்சில் மாட்டி முதல் நகலை எடுங்கள். வினாடிக்கு 400 எம்பி வந்தால் 17 மணி நேரத்தில் முடியும். பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வழியில் இரண்டு நாள் போனால் சேரும் 360 ஜிபிக்கு 10 மணி நேரம் போதும்.

சாவிக்கொத்து:
மேலே சொன்னதோடு இசட்எஃப்எஸ் பக்கம் சில விஷயங்கள்.

பெட்டி வண்டியில் போகும் அந்த இரண்டு நாளில்தான் முதல் ஆபத்து. இன்க்ரிமெண்டல் (மாறியதை மட்டும்) அனுப்ப இரு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் உறைந்த பிரதி) இருந்தாக வேண்டும். பழையதை அழிக்கும் ஸ்கிரிப்ட் சென்னையில் அதைத் தூக்கிவிட்டால் மறுபடி 24 டிபி முழுவதும். முதல் ஸ்னாப்ஷாட்டுக்கு இரு பக்கமும் ஹோல்டு (அழிக்கவிடாத பூட்டு) போடுங்கள். கூடவே சென்னையில் ஒரு புக்மார்க் (ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தின் குறி மட்டும்). மூல ஸ்னாப்ஷாட் போனாலும் அதை வைத்து அடுத்த இன்க்ரிமெண்டலை அனுப்பலாம், இடமும் பிடிக்காது.

கோவையில் டேட்டாசெட்டுக்கு (இசட்எஃப்எஸ் தனியாகக் கையாளும் கோப்புத் தொகுதி) ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) ஆன். இல்லாவிட்டால் யாராவது ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே அணுகிய நேரம் பதிவாகி, "சேருமிடம் மாறியிருக்கிறது" என்று அடுத்த ரிசீவ் (வாங்கும் கட்டளை) நின்றுவிடும். மவுண்ட் ஆகாமல் வாங்குங்கள். ரிசீவில் அதற்குச் சிறிய யூ ஆப்ஷன். லைன் நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர ரிசீவில் சிறிய எஸ் ஆப்ஷன் போட்டு, அது தரும் டோக்கனை அனுப்பும் கட்டளையான சென்டுக்குச் சிறிய டீ ஆப்ஷனில் கொடுக்கவேண்டும். இது இல்லாமல் 90 ஜிபி போனபின் லைன் விழுந்தால் 90ம் வீண். ஏற்கெனவே கம்ப்ரெஸ் ஆன பிளாக்குகளை அப்படியே அனுப்ப சிறிய சி ஆப்ஷன். இவற்றில் பெரும்பாலானதை சின்காய்ட் என்ற இசட்எஃப்எஸ் நகல் கருவி தானே கவனித்துக்கொள்ளும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை டைமரில் போடுங்கள்.

வேகம் 44 எம்பிபிஎஸ் அருகே நின்று அதற்குமேல் ஏறவே இல்லை என்றால் லைன்காரரைத் திட்டவேண்டாம். பதில் வருமுன் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்ற அளவை (விண்டோ) பெரிதாக்கும் டிசிபி விண்டோ ஸ்கேலிங்கை நடுவிலுள்ள ஃபயர்வால் வெட்டுகிறது. 64 கேபி விண்டோவில் 12 மில்லிசெகண்டுக்குக் கணக்குப் போட்டால் சரியாக அதுதான் வரும்.

இரவுப்பணி:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். டேட்டாபேஸையும் இதே வழியில் அனுப்பலாமா? இது வந்துவிட்டால் டேப் பேக்கப்பை நிறுத்திவிடலாம் என்கிறார்கள், சரியா?

கடைசிநகல்:
டேப்பை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரெப்ளிகேஷன் நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகும்; ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் 15 நிமிடத்தில் கோவையில் இருக்கும். அதனால் கோவைதான் சென்னையிலிருந்து இழுக்கவேண்டும், சென்னை தள்ளக்கூடாது. கோவையின் உள்நுழைவுச் சாவிக்குச் சென்னையில் ஸ்னாப்ஷாட், சென்ட், ஹோல்டு உரிமை மட்டும். சென்னைக்குக் கோவையில் எந்த உரிமையும் கூடாது. அப்போது சென்னையில் ரூட் எனும் முழு அதிகாரக் கணக்கைப் பிடித்தவனாலும் கோவையின் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது. அங்கே மணிக்கு ஒன்றாக 48, நாளுக்கு ஒன்றாக 30, மாதத்துக்கு ஒன்றாக 12 வையுங்கள். தனி நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக்கோப்புகளை வைத்திருந்த 858 டிபி ஒரேயடியாகப் போனது. அதற்கு வெளியே நகல் கிடையாது.

டேட்டாபேஸ்: டேட்டாவும் வால் லாகும் (டபிள்யூஏஎல், மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவேடு) ஒரே பூலில் (டிஸ்க் தொகுப்பில்) இருந்து, ரிகர்சிவ் ஸ்னாப்ஷாட்டாக (உள்ளிருப்பவை எல்லாம் சேர்த்து) ஒரே கணத்தில் எடுத்தால் போஸ்ட்கிரெஸ் எழுந்துவிடும், கரண்ட் போய் வந்தது போல. இரண்டையும் தனித்தனி ஸ்னாப்ஷாட்டாக எடுத்தால் நேரம் பொருந்தாது, எழாமலே போகலாம். ஆனால் என் பரிந்துரை, கோப்புகளை இசட்எஃப்எஸ் வழியிலும் டேட்டாபேஸைப் போஸ்ட்கிரெஸின் சொந்த ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனிலும் (வால் லாகை உடனுக்குடன் அனுப்பும் வழி) அனுப்புங்கள். லைனில் அதற்கு முன்னுரிமை கொடுத்தால், அசிங்க்ரனஸாக இருந்தும் இழப்பு சில வினாடிகளுக்குள் நிற்கும். ரெப்ளிகேஷன் ஸ்லாட் (கோவை வாங்கும்வரை வால் லாகை அழிக்காமல் வைக்கும் அமைப்பு) வைத்தால் ஸ்லாட்டுக்கான வால் அளவு வரம்பையும் (பதிப்பு 13 முதல் உண்டு) அமையுங்கள். இல்லாவிட்டால் லைன் இரண்டு நாள் விழுந்தபோது வால் குவிந்து சென்னை டிஸ்க் நிரம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெயினே நின்றுவிடும்.

கோவைக்கு மாறும்போது: முதலில் சென்னை நிஜமாகவே நின்றுவிட்டதா என்று உறுதிசெய்து, முடிந்தால் அதன் சுவிட்ச் போர்ட்டை அணையுங்கள். இரு பக்கமும் எழுத ஆரம்பித்தால் பிறகு சேர்க்கவே முடியாது. கோவையில் டைமரை நிறுத்தி, ரீட்ஒன்லியை எடுத்து, மவுண்ட் செய்து, போஸ்ட்கிரெஸ் ஸ்டாண்ட்பையை (தயார்நிலை நகலை) மெயினாகப் புரமோட் செய்யவேண்டும். டிஎன்எஸ் டிடிஎல்லை (சர்வர் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரம்) இப்போதே 300 வினாடிக்குக் குறைத்துவையுங்கள். என்கிரிப்ஷன் சாவி, பாஸ்வேர்டுகள், இந்தப் படிகளின் அச்சுப்பிரதி எல்லாம் கோவையிலும் இருக்கவேண்டும்.

திரும்பி வருவது அதைவிடக் கடினம். சென்னை எழுந்ததும் அதில், கோவைக்கு வந்துசேராத கடைசி 15 நிமிடக் கோப்புகளும் சில வினாடி டேட்டாபேஸ் பதிவுகளும் இருக்கும். அவசரப்பட்டு ரோல்பேக் (பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புவது) செய்தால் அவை போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டித்த நிலையில் போஸ்ட்கிரெஸை எழுப்பி டம்ப் (டேட்டாபேஸின் முழுப் பிரதிக் கோப்பு) எடுங்கள், மாறிய கோப்புகளை வேறு டிஸ்கில் ஒதுக்குங்கள். பிறகுதான் கடைசிப் பொது ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக், அங்கிருந்து கோவை–சென்னை இன்க்ரிமெண்டல். டேட்டாபேஸுக்குச் சென்னையைக் கோவையின் ஸ்டாண்ட்பையாகப் புதிதாக அமைத்து, எட்டிப்பிடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவையில் ஸ்னாப்ஷாட்டைக் குளோன் எடுத்து, வெளியே போகாத தனி விலானில் (பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) எழுப்பிப் பாருங்கள். நகல் உபயோகப்படுமா என்று தெரியாமலே ரெப்ளிகேஷன் அதன் பாட்டுக்கு ஓடும். முந்தைய நாள் கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் ஒருவரையே பார்க்கச் சொல்லுங்கள்.