அத்தைக்கு ரத்தக் கொதிப்பு: மாத்திரைக்குப் பதிலா சம்போங் ஞாவா இலை போதுமா?

பெர்ஜுந்தை மருமகள்:
நாங்க மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (ஊர் போர்டுல இப்ப பெஸ்தாரி ஜெயா). அத்தை ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. பிரஷர் 160/95. கிளினிக்ல பெரிண்டோப்ரில்னு ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்தாங்க. அதிலிருந்து ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். இப்ப மாத்திரையைச் சாமி மேடைக்கு அடியில தள்ளிட்டு, பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கொடுத்த சம்போங் ஞாவா இலையைப் பச்சையா மெல்றாங்க. மத்தியானம் மிசாய் கூச்சிங் (பூனை மீசை) மூலிகைத் தண்ணி. கேட்டா, "மாத்திரை கிட்னியைத் தின்னுரும்"ங்கிறாங்க. இது சரியா?

ரவாங் தம்பி:
அக்கா, எங்கம்மா தேன்ல ஊறின பூண்டு சாப்பிட்டுத்தான் பிரஷர் இறங்குச்சு. மாத்திரையும் போடுறாங்க, ஆனா பூண்டுதான் வேலை செய்யுது.

பழைய டிரசர்:
தம்பி, அந்த மாத்திரைக்கும் கொஞ்சம் புண்ணியம் கொடுப்பா.

தங்கச்சி, நான் தோட்ட ஆஸ்பத்திரியில டிரசரா (மருத்துவ உதவியாளரா) இருந்தவன். அந்த இருமல் பெரும்பாலும் மாத்திரையாலதான். பெரிண்டோப்ரில் வகை சிலருக்கு அப்படித்தான் பண்ணும். கிளினிக்ல போய் "மாத்திரை போட்டதிலிருந்து இருமுது"ன்னு சொல்லுங்க, லோசார்தான் மாதிரி வேற வகைக்கு மாத்துவாங்க. அம்லோடிப்பின்னு இன்னொரு பிரஷர் மாத்திரை கொடுத்து கணுக்கால் வீங்கினா அதையும் சொல்லணும். நம்ம ஆளுங்க வாயத் திறக்காமலே நிறுத்திடுவாங்க, அதான் தொல்லை. கிட்னியைத் தின்னுறது அடக்காம விட்ட பிரஷர்.

சம்போங் ஞாவா எலிகளுக்குப் பிரஷரைக் குறைச்சது உண்மை. மனுசனுக்கு எத்தனை இலைன்னு கணக்கு இல்லை. உலாம் (சோத்தோட பச்சையாத் தின்னுற கீரை) மாதிரி சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலா வேணாம். மிசாய் கூச்சிங்தான் எனக்குப் பயம். அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. பெரிண்டோப்ரில், லோசார்தான் ரெண்டும் பொட்டாசியத்தை உடம்புல தேக்கும். கிட்னி தளர்ந்திருந்தா நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகும். குடிக்கிறதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) லேபிள் இல்லாத ஜாமு (மூலிகை மருந்து) வாங்கவே வாங்காதீங்க. அந்த மாதிரி சரக்குல ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கு, அது பிரஷரை ஏத்தும். பதிவான பாரம்பரிய மருந்துல எம்.ஏ.எல். (MAL)னு தொடங்குற பதிவு நம்பர் இருக்கும், நம்பருக்குப் பின்னால T எழுத்து வரும்.

இயற்கை வைத்தியம்தான் வேணும்னா உப்பைக் குறைங்க. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. பெலாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), பாக்கெட் மீ (நூடுல்ஸ்) இதுல இருக்கிற உப்பெல்லாம் அதுலயே அடக்கம்.

பெர்ஜுந்தை மருமகள்:
நன்றிண்ணே. கருவாட்டை மட்டும் விடவே மாட்டாங்க. என்ன செய்றது?

பழைய டிரசர்:
சுடுதண்ணியில ஊறவச்சு, தண்ணியை ரெண்டு தடவை மாத்திக் கொட்டுங்க. உப்பு முழுசாப் போகாது, குறையும். எப்பவாவது ஒருநாள், சின்னத் துண்டு. அன்னிக்குக் குழம்புல உப்பே போடாம புளியைத் தூக்கலா விடுங்க. வீட்டுல மிஷின் இருந்தா, காப்பி குடிச்ச கையோட பார்க்காதீங்க. 5 நிமிஷம் சாஞ்சு உக்கார வச்சு, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில வச்சுப் பாருங்க. வீட்டுல 135/85-க்கு மேலயே நிக்குதுன்னா எழுதி எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. பழைய மாத்திரைப் பாக்கெட்டையும் கொண்டு போங்க.

ரவாங் தம்பி:
அண்ணே, அப்ப பூண்டு?

பழைய டிரசர்:
ரசத்துல போடு தம்பி.